ஒரே நோட்டில் இரண்டு பேர்

எனக்குச் சம்பளம் தருவது குறை கண்டுபிடிப்பதற்காக. பெங்களூரில் உள்ள ஒரு மென்பொருள் கம்பெனியில் இன்டக்ரேஷன் டெஸ்டராகப் பதிமூன்று வருடமாக வேலை செய்கிறேன். வேலை கிடைத்த புதிதில் அம்மாவுக்கு இதை விளக்க முயன்றேன். "அடுத்தவங்க செஞ்ச வேலையில என்ன தப்பு இருக்குதுன்னு பாத்துச் சொல்லணும்மா" என்றேன். "இத்தன வருசமா இத நீ சும்மாதான செஞ்சுகிட்டு இருந்த" என்றாள். அதற்குமேல் அவளுக்கு விளக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

மற்றவர்களுக்குச் சொல்வதானால் இப்படிச் சொல்வேன். மாப்பிள்ளை வீட்டாரைத் தனியாகப் பார்த்தால் நல்ல மனிதர்கள். பெண் வீட்டாரும் அப்படியே. இரண்டு வீடும் சேர்ந்து ஒரு கல்யாணம் நடத்தும்போதுதான் யார் பந்திக்கு யார் இலை போடுவது என்று தகராறு வரும். மென்பொருளும் அப்படித்தான். ஒரு குழு செய்த பகுதி அவர்கள் மேசையில் ஒழுங்காக ஓடும். இன்னொரு குழு செய்தது அவர்கள் மேசையில் ஓடும். இரண்டையும் இணைத்தால் ஒன்று அனுப்புவதை மற்றது வேறு மாதிரி புரிந்துகொள்ளும். அந்த இணைப்பில் உட்கார்ந்துகொண்டு எங்கே முட்டிக்கொள்கிறது என்று பார்ப்பது என் வேலை.

கல்லூரியில் என்னோடு படித்தவர்களிடையே இதற்கு மரியாதை குறைவு. நிரல் எழுத வராதவர்கள்தான் டெஸ்டிங் பக்கம் ஒதுங்குவார்கள் என்பார்கள். என்னையும் அப்படித்தான் ஒதுக்கினார்கள். எனக்கு வருத்தமில்லை. உருவாக்குகிறவர்களுக்குத் தாங்கள் செய்ததில் ஒரு பாசம் இருக்கும், எனக்கு அது கிடையாது. அந்தப் பாசம் இல்லாததைத்தான் இத்தனை வருடம் விற்றுக்கொண்டிருக்கிறேன்.

கொரோனா காலத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள் அல்லவா, அப்போது ஊருக்கு வந்தவள் திரும்பப் போகவில்லை. மாரண்டஹள்ளியிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். அப்பா இறந்தபின் அம்மா தனியாக இருந்தாள் என்பது நான் அலுவலகத்தில் சொன்ன காரணம். பெங்களூர் எனக்கு அலுத்துவிட்டது என்பது சொல்லாத காரணம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஊரில் அதைப் பற்றிக் கேட்பது நின்று இரண்டு வருடம் ஆகிறது, எனக்கு முப்பத்தாறு வயது என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஓசூர் பஸ் ஏறி, அங்கே மாறி, பெங்களூர் அலுவலகத்துக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவேன். மற்ற நாட்களில் வீட்டு ஜன்னலோரம் மேசை. ஜன்னலுக்கு வெளியே வாசல். வாசலுக்கு அந்தப் பக்கம் சின்னம்மா வீடு, அதாவது அப்பாவின் தம்பி வீடு. நடுவில் சுவர் கிடையாது. தக்காளி ஏற்றிய வண்டி வளைவில் திரும்பும்போது எங்கள் தெருவுக்கு வரும் இன்டர்நெட் வயரை அறுத்துவிட்டுப் போகும், அன்றைக்கு மட்டும் எனக்கு அரை நாள் ஓய்வு.

போன ஏப்ரல் கடைசியில் எங்கள் குழுத் தலைவர் கூப்பிட்டார். அவர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கெட்ட சேதி சொல்ல வேண்டியிருந்தால் முதலில் வானிலை விசாரிப்பார். அன்று எங்கள் ஊரில் வெயில் எப்படி, மழை பெய்ததா, மாங்காய் எப்படி என்றெல்லாம் கேட்டார். கெட்ட சேதிதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"கம்பெனியில புதுசா ஒரு ஏஐ டூல் வாங்கியிருக்காங்க" என்றார். "டெஸ்ட் எல்லாம் அதுவே எழுதி, அதுவே ஓட்டி, அதுவே ரிப்போர்ட் குடுக்கும். இந்த ரிலீஸ நீங்க நாலு பேரும் ஒரு பக்கம் பாருங்க, அது ஒரு பக்கம் பாக்கட்டும். மூணு வாரம். அப்புறம் ரெண்டு பேர் போதும்னு மேல நினைக்கறாங்க."

"அந்த ரெண்டு பேர் யாருங்க?"

"அத இந்த மூணு வாரத்துல பாத்துட்டுதான் முடிவு பண்ணுவாங்க."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. அதை வேறு எப்படியும் சொல்லத் தோன்றவில்லை. இந்த வேலை போனால் இதே வேலை இன்னோர் இடத்தில் கிடைக்காது, ஏனென்றால் அந்த இடத்திலும் இதே டூலை வாங்கியிருப்பார்கள். இங்கிருந்தபடி வேறு என்ன செய்ய முடியும் என்று யோசித்தேன். எதுவும் வரவில்லை. குறை சொல்வதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது.

நாங்கள் சோதிக்க வேண்டிய மென்பொருள் ஆஸ்பத்திரிக்கானது. எங்கள் பக்கத்துச் சிறிய ஊர்களில் பத்துப் பன்னிரண்டு கிளினிக் நடத்தும் ஒரு தனியார் நிர்வாகம் அதைக் கேட்டிருந்தது. நோயாளியின் பெயரைப் பதியும் பகுதி ஒன்று, ரத்தப் பரிசோதனை முடிவை அனுப்பும் லேப் பகுதி ஒன்று, மருந்துக் கடைப் பகுதி ஒன்று. மூன்றையும் மூன்று குழுக்கள் செய்திருந்தன. அந்தப் பன்னிரண்டில் ஒன்று அம்மா மாதாமாதம் சர்க்கரைக்குப் போகும் கிளினிக். அது தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் இரண்டு வாரம் டூல் எங்களை வெளுத்து வாங்கியது. நாங்கள் நால்வரும் மூன்று நாளில் முடிப்பதை, நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் முடித்து வைத்திருக்கும். அது காட்டிய தவறுகளில் பொய்யானவை இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தேன். பெரும்பாலும் நிஜம். லேப் முடிவு வருவதற்கும் மருந்துச் சீட்டு போவதற்கும் இடையில் லைன் அறுந்தால் சீட்டு இரண்டு முறை அச்சாகிறது என்று அது கண்டுபிடித்தது. லைன் அறுவதைப் பற்றித் தெருவுக்கே பாடம் எடுக்கக்கூடிய எனக்கு அது தோன்றவில்லை. பொறாமைப்பட்டேன். ஒரு டூலைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைக்கு வந்துவிட்டோமே என்று அதற்காகவும் கோபப்பட்டேன். அந்த இரண்டு வாரமும் அம்மா என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. சின்னம்மாவிடம் மட்டும், "அவ கிட்ட போவாத, கடிச்சு வெச்சிருவா" என்று சொன்னது காதில் விழுந்தது.

மூன்றாவது வாரம் தொடங்கிய அன்று அலுவலகத்திலிருந்து எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது. வண்ணப் படத்தில் கேக், பலூன், கீழே என் பெயர். குழுவில் எல்லோரும் ஆளுக்கொன்றாக வாழ்த்து அனுப்பினார்கள். நான் வழக்கம்போல எல்லோருக்கும் நன்றி போட்டேன்.

விஷயம் என்னவென்றால் அன்று என் பிறந்தநாள் இல்லை. நான் பிறந்தது ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு நாளில் என்று அம்மா சொல்வாள். தேதி அவளுக்கு நினைவில்லை. என்னைப் பள்ளியில் சேர்க்க அப்பா கூட்டிப்போனபோது, ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் மே மாதத்தில் ஒரு தேதியைத் தானே எழுதிக்கொண்டார். எனக்கு மட்டுமில்லை. அன்று வரிசையில் நின்ற பாதிப் பிள்ளைகளுக்கும் அதே தேதி. எங்கள் ஊரில் என்னோடு படித்த பாதிப் பேர் அரசாங்கக் கணக்குப்படி ஒரே நாளில் பிறந்தவர்கள். அலுவலகத்தில் இதைச் சொல்லித் திருத்தப் போனால் பத்துக் காகிதம் கேட்பார்கள் என்று பதிமூன்று வருடமாக மே மாதத்தில் கேக் வெட்டி வருகிறேன்.

நன்றி போட்டு முடித்துவிட்டுத் திரையில் திறந்திருந்த டூலின் பட்டியலுக்கு வந்தேன். சோதனைக்காக அது தானே உருவாக்கிக்கொண்ட நோயாளிகளின் பட்டியல் அது. ஆயிரக்கணக்கில் பெயர்கள். தமிழ்ப் பெயர்கள்தான், நன்றாகவே வைத்திருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், வருடம் முழுக்கப் பரவிய பிறந்த தேதிகள், ஆளுக்கொரு செல்போன் எண். இரண்டு வாரமாக அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் உறைக்கவில்லை. அன்றைக்கு உறைத்தது. அதில் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. இப்படி ஓர் ஊர் எங்கள் தாலுகாவில் கிடையாது.

பள்ளிக்கூடம் போனவர்களுக்கு மே மாதம். போகாதவர்களுக்கு ஜனவரி ஒன்று. ஆதார் வந்த புதிதில் அட்டைக்குப் படம் எடுக்கப் பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்திருந்தவர், "வயசு என்னங்க?" என்று கேட்டார். அம்மா, "அம்பது இருக்குமுங்க" என்றாள். அடுத்து நின்ற சின்னம்மா, "எனக்கும் அவ்ளோதான் போட்டுக்குங்க" என்றாள். வருடம் மட்டும் தெரிந்தால் தேதி ஜனவரி ஒன்று. ஆக இருவருக்கும் ஒரே நாள், ஒரே வருடம். நிஜத்தில் சின்னம்மா நான்கு வயது இளையவள்.

இதோடு நின்றால் பரவாயில்லை. அம்மாவும் சின்னம்மாவும் ஓரகத்திகள் மட்டுமல்ல, பெரியப்பா மகள் சித்தப்பா மகள் முறையும்கூட. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பங்காளி வகையில் பெண்ணெடுத்தார்கள். அந்த வகையில் வீட்டுக்கு மூத்த பெண்ணுக்குக் குலசாமி பெயரைத்தான் வைக்க வேண்டும். இருவரும் அவரவர் வீட்டில் மூத்தவர்கள். ஆகையால் இருவருக்கும் ஒரே பெயர். அப்பா பெயரும் சித்தப்பா பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் இனிஷியலும் ஒன்று. ஊர் ஒன்று, தெரு ஒன்று. எங்கே கேட்டாலும் இருவரும் கொடுப்பது என் செல்போன் எண். ஊருக்குள் இதனால் எந்தக் குழப்பமும் இல்லை. மேல்வூட்டுக்காரி, கீழ்வூட்டுக்காரி என்றால் எல்லோருக்கும் புரியும்.

எங்கள் மென்பொருளின் பதிவுப் பகுதியில் புதிதாக ஒரு வசதி சேர்த்திருந்தார்கள். ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் அதைக் கண்டுபிடித்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பெயர், பிறந்த தேதி, ஊர், செல்போன் எண் நான்கும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளும். கேட்பதற்கு நியாயமான ஏற்பாடு.

நிஜ ஆட்களின் விவரத்தைச் சோதனையில் போடக் கூடாது என்று எங்களுக்கு விதி. அதனால் பெயரையும் ஊரையும் எண்ணையும் மாற்றி, ஆனால் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும்படி வைத்து, இரண்டு பெண்களைப் பதிந்தேன். ஒருத்திக்குச் சர்க்கரை அதிகம், இன்னொருத்திக்குச் சர்க்கரை கிடையாது, ரத்த அழுத்தம் மட்டும். லேப் முடிவுகளை அனுப்பினேன். மருந்துக் கடைப் பகுதியைத் திறந்தேன். அங்கே ஒரே ஒரு பெண் இருந்தாள். சர்க்கரை மாத்திரையும் அழுத்த மாத்திரையும் அவள் பெயரிலேயே ஒரே சீட்டில் இருந்தன. சர்க்கரை இல்லாதவள் கிளினிக்குக்குப் போனால் சர்க்கரை மாத்திரையோடு திரும்பி வருவாள். எங்கேயும் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. மூன்று பகுதிகளும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்துவிட்டதாகப் பச்சை விளக்கு எரிந்தது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மேசையைத் தட்டிவிட்டு எழுந்து நின்றேன். டூலை மடக்கிவிட்டேன் என்று மனசுக்குள் ஒரே கும்மாளம். ஜன்னலுக்கு வெளியே அம்மாவும் சின்னம்மாவும் வாசலில் உட்கார்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தபின்தான் இது விளையாட்டில்லை என்று மண்டையில் ஏறியது.

ரிப்போர்ட் எழுதி அனுப்பியதும் தலைவர் கூப்பிட்டார். "இது நிஜமா நடக்குமா, இல்ல நீங்க வேணும்னே ஜோடிச்சதா? இந்த மாதிரி ரெண்டு பேர் உலகத்துல எங்க இருப்பாங்க?"

"எங்க வாசல்ல இருக்காங்க. அவரைக்கா உரிக்கறாங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பேச்சாகச் சொன்னால் போதாது, விவரமாக எழுதிக் கொடுங்கள் என்றார். சரி, இருவரின் கிளினிக் அட்டையையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுவோம் என்று வாசலுக்குப் போனேன்.

"அம்மா, உன் ஆஸ்பத்திரி அட்டைய எடு. சின்னம்மா, நீங்களும் எடுத்துட்டு வாங்க."

சின்னம்மா எழுந்திருக்கவே இல்லை. அம்மா உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். சின்ன நாற்பது பக்க நோட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் கிளினிக் அட்டை. எங்கள் கிளினிக்கில் டாக்டர் நோட்டில்தான் எழுதுவார்.

"சின்னம்மாவுது?"

"அதுலயே இருக்குது. திருப்பிப் பாரு" என்றாள் சின்னம்மா.

நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னட்டையிலிருந்து திறந்தேன். அங்கிருந்து சின்னம்மாவுடைய அழுத்தக் கணக்கு தொடங்கியது. முன்பக்கத்திலிருந்து அம்மா, பின்பக்கத்திலிருந்து சின்னம்மா. ஆறு வருடமாக இப்படி ஓடியிருக்கிறது. நடுவில் இரண்டு பேரும் சந்திக்க இன்னும் ஏழெட்டுப் பக்கம் மிச்சம்.

"பேரு ஒண்ணு, ஊரு ஒண்ணு. எதுக்கு ரெண்டு அட்டை?" என்றாள் சின்னம்மா. "நாங்க எப்பவும் சேந்துதான போறோம்."

"டாக்டர் மாத்தி எழுதிட்டா?"

"அவரு எங்க பாக்கறாரு. அந்த நர்ஸம்மா மொகத்தப் பாத்து நோட்டத் திருப்பிக் குடுக்கும். எனக்குன்னா இந்தப் பக்கம், அக்காவுக்குன்னா அந்தப் பக்கம். ஒரு நாளு மாறினதில்ல."

நான் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் மென்பொருள் இரண்டு பேரை ஒன்றாக்கிவிட்டது என்று நான் பெரிய குற்றமாக எழுதியிருக்கிறேன். இவர்கள் அந்தக் காரியத்தை ஆறு வருடம் முன்பே தாங்களாகச் செய்து முடித்திருக்கிறார்கள். அதில் அபாயம் வராமல் பார்த்துக்கொண்டது ஒரு நர்ஸின் கை. என் வேலையை என்னைவிட நன்றாகச் செய்துகொண்டிருந்தவர் அவர்தான்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே பெயர், ஒரே தேதி விஷயத்தை விவரமாக எழுதி அனுப்பினேன். நோட்டு விஷயத்தை எழுதவில்லை. மறந்துபோய் விடவில்லை. டூலுக்குத் தெரியாத ஒன்று என் கையில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் முடிந்தது. தலைவர் கூப்பிட்டபோது வானிலையைக் கேட்கவில்லை, அதிலேயே தெரிந்துகொண்டேன். இரண்டு பேரில் நான் ஒருத்தி. மற்ற இருவரை வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றப் பார்ப்பதாகச் சொன்னார். மாற்றவில்லை, ஒரு மாதத்தில் இருவரும் போய்விட்டார்கள். எனக்கு வேலை இருந்ததில் சந்தோஷம், அது அவர்களுக்கு இல்லாமல் போனதில் குற்ற உணர்ச்சி, இரண்டும் ஒரே சமயத்தில் இருந்தன. அவர்களில் ஒருவரிடம் பேசுவதைப் பல நாள் தள்ளிப்போட்டேன்.

அதே பேச்சில் தலைவர் இன்னொன்று சொன்னார். "உங்க ரிப்போர்ட்ட அந்த டூலுக்குக் குடுத்தோம். ஒரு மத்தியானத்துல கத்துக்கிச்சு. இப்ப அதுவே குலசாமி பேரு, ஜனவரி ஒண்ணு, ஒரே போன் நம்பர்னு நூறு ஊருக்கு டேட்டா உண்டாக்கிடுச்சு. ரெட்டைப் பிள்ளைங்க, ரெண்டு பொண்டாட்டிக்காரர் எல்லாம் அதுவே யோசிச்சுப் போட்டிருக்குது. பிரமாதம்."

பிரமாதம்தான். நான் பிறந்து வளர்ந்து முப்பத்தாறு வருடமாகத் தெரிந்துகொண்டது, அதற்கு ஒரு மத்தியானம்.

"இனிமே உங்க வேலை இதுதான்" என்றார். "உங்க பக்கம் ஜனங்க என்னென்ன செய்வாங்கன்னு எழுதிக் குடுங்க. டெஸ்ட் ஓட்டறது அது பாத்துக்கும்."

எழுத ஆரம்பித்தேன். முதல் வாரம் கை நிற்கவில்லை. பக்கத்துத் தெருவில் தெலுங்கு பேசும் வீடுகளில் வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ரேஷன் அட்டையில் ஒன்று. ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போனவர்கள் கன்னடக்காரர் எழுதிக் கொடுத்த முகவரியை வைத்திருப்பார்கள். செல்போன் எண் கேட்டால் ரீசார்ஜ் கடைக்காரர் எண்ணைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் டீ குடித்துவிட்டு வந்து, டீதானே என்பார்கள். ஒவ்வொன்றையும் எழுதி அனுப்ப அனுப்ப டூல் விழுங்கிக்கொண்டது. இரண்டாவது வாரம் வேகம் குறைந்தது. நடுவாரத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு வரிகூட வரவில்லை.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள் போலிருக்கிறது. "என்னா பாப்பா, செவுத்தையே பாத்துகிட்டு கெடக்கற?"

"நம்ம ஊர்ல கம்ப்யூட்டருக்குத் தெரியாதது என்னென்னன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்கம்மா."

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா, அப்பறம் உனக்கு அங்க என்ன வேல?" என்றாள் அம்மா.

எங்கள் கம்பெனியில் எதிர்காலத்தைப் பற்றி ஆளை வரவழைத்துக் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். ஒரு கூட்டத்திலும் யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். என் கையில் மிச்சமிருந்தது அந்த நோட்டு ஒன்றுதான். அதை மட்டும் எழுதக் கூடாது என்று அன்று மறுபடி முடிவு செய்துகொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அம்மாவும் சின்னம்மாவும் கிளினிக் போய்விட்டு வந்தார்கள். அம்மா முறுக்குப் பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டு, போகிற போக்கில் சொன்னாள். "அடுத்த மாசத்துலருந்து எல்லாம் கம்ப்யூட்டர்ல வருதாம். அந்த நர்ஸம்மாவ வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தறாங்களாம். பாவம், நல்ல புள்ள."

முறுக்கைத் தொடவில்லை. நர்ஸ் போய்விட்டால் நோட்டைத் திருப்ப ஆள் கிடையாது. கவுண்டரில் உட்காரும் புது ஆள் அந்த ஒரே அட்டையை வாங்கிக் கருவியில் காட்டுவார். ஒரே பெயரில் இரண்டு பேர் பதிந்திருந்தால் எச்சரிக்கும்படி என் முதல் ரிப்போர்ட்டுக்குப் பிறகு மென்பொருளை மாற்றினார்களே, அது இங்கே உதவாது. பதிந்திருப்பதே ஒருத்தியைத்தான். எந்த டூலும் சந்தேகப்பட வழியில்லை. சர்க்கரை மாத்திரை சின்னம்மா வாயில் போகும். அதை நான் இரண்டு வாரத்துக்கும் மேலாக என் கையிருப்பு என்று வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. என்னை நானே திட்டிக்கொண்டேன், அதை இங்கே எழுத முடியாது.

அந்த மத்தியானமே எழுதி அனுப்பினேன். ஒரே அட்டையை இரண்டு பேர் பயன்படுத்துவது, நோட்டின் இரண்டு பக்கம், நர்ஸ், எல்லாம். அட்டையைக் காட்டியதும் திரையில் ஆளின் படம் வர வேண்டும், அட்டை கொண்டுவந்தவர் யார் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும், பழைய நோட்டுகளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று சேர்த்தேன். தலைவர் உடனே கூப்பிட்டார்.

"இத எப்படிங்க விட்டோம்? நல்ல வேளை, இப்பவாவது கண்டுபிடிச்சீங்க."

இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தெரியும் என்று அவரிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

"இன்னும் ஏதாவது இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன். உண்மையிலேயே இல்லை. கடைசியையும் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் சின்னம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் அவள் பெயரில் தனி அட்டை வாங்கினேன். வரும் வழியில் கடையில் புது நோட்டு ஒன்று வாங்கி, முகப்பில் அவள் பெயரை என் கையால் பெரிதாக எழுதினேன். "இது உங்களுது மட்டும். வேற யாருக்கும் இதுல எழுதக் கூடாது" என்றேன். சின்னம்மா எனக்காகத் தலையாட்டினாள். அவளுக்கு அது வீண் செலவாகத்தான் பட்டது.

கிளினிக்கில் கம்ப்யூட்டர் வந்தது. நோட்டு போகவில்லை. டாக்டர் கையால் எழுதினால்தான் வைத்தியம் பார்த்த மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் நோட்டோடுதான் போனார்கள். நிர்வாகமும் விட்டுக்கொடுத்து, கவுண்டரில் நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரே படித்துக்கொள்ளும்படி ஓர் ஏற்பாட்டை எங்களிடம் கேட்டு வாங்கியது. அதைச் சோதிக்கும் வேலை எனக்கு வந்தது. அது எல்லாக் கையெழுத்தையும் படித்தது, டாக்டர் கையெழுத்தைக்கூட. எனக்கு எழுத ஒன்றுமில்லை. இந்த ரிலீசோடு நான் தேவைப்பட மாட்டேன் என்று ஏறக்குறைய முடிவுக்கே வந்துவிட்டேன். வேறு என்ன தொழில் செய்யலாம் என்று மறுபடி யோசித்து, மறுபடி எதுவும் வராமல் இருந்தேன்.

ஒரு காலையில் சின்னம்மா கிளினிக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நிஜ நோட்டு ஒன்றைப் பார்ப்போமே என்று அவளுடையதை வாங்கிப் புரட்டினேன். முன்பக்கம் ஒழுங்காக இருந்தது. அழுத்தம், மாத்திரை, தேதி. பழக்க தோஷத்தில் நோட்டைத் திருப்பிப் பின்னட்டையிலிருந்து திறந்தேன்.

அங்கேயும் எழுதியிருந்தது. வேறு கையெழுத்து. மேலே சின்னம்மாவின் பெயர், ஊர். அதற்குக் கீழே சினை ஊசி போட்ட தேதி. அதற்கும் கீழே, மூன்று மாதம் கழித்துச் சினை பிடித்திருக்கிறதா என்று பார்க்கவும் என்று இருந்தது.

"சின்னம்மா, இது என்னாதுங்க?"

"மாட்டாஸ்பத்திரிக்காரரு எழுதினது. நம்ம செவலைக்கு ஊசி போட்டாரு. தேதி மறந்து போவுமின்னு எழுதித் தரச் சொன்னேன்."

"உங்க நோட்டுலயா? வேற யாருக்கும் எழுதக் கூடாதுன்னு சொன்னேனே."

"யாருக்கும்தான் எழுதல. மாட்டுக்குத்தான் எழுதினாரு" என்றாள் சின்னம்மா. "அந்தப் பக்கம் சும்மாதான கெடந்துது."

அன்று கவுண்டரில் அந்த நோட்டைக் கொடுத்திருந்தால், நான் சொல்லிக்கொடுத்தபடியே இரண்டு பக்கமும் திருப்பிப் படம் பிடித்திருப்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய என் சின்னம்மா கர்ப்பமாக இருக்கிறாளா என்று பார்க்கும்படி டாக்டருக்குச் சேதி போயிருக்கும்.

நான் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். என்ன என்று கேட்டாள். சொல்ல முடியவில்லை, மூச்சு வாங்கியது. நோட்டைச் சின்னம்மாவிடம் கொடுத்து, பின்பக்கத்தைக் காட்ட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பிவிட்டு, மேசையில் உட்கார்ந்து தலைவரைக் கூப்பிட்டேன்.

"இல்லைன்னு சொன்னேன் இல்லைங்களா" என்றேன். "இருக்குதுங்க."